“சாம்பிள் போதவில்லை”: மரபணுப் பரிசோதனைக்கு இரண்டாவது முறை ரத்தம் கேட்பது ஏன்?

சென்ற ஆண்டு ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் வராந்தாவில் மக்தப் பிள்ளைகளுக்குப் பாடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்பத்தூர் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கையில் செல்போனோடு வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

“ஹஜ்ரத், இதப் படிச்சுப் பாருங்க. மூணு வாரம் காக்க வச்சிட்டு இப்ப மறுபடியும் புள்ளைக்கு ரத்தம் எடுக்கணுமாம். காசு பிடுங்குற வேலை இது.”

அது ஒரு பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்த குறுஞ்செய்தி. ‘லைப்ரரி’ தரச் சோதனையில் தேறவில்லை, புதிய மாதிரி அனுப்பவும், கூடுதல் கட்டணம் இல்லை என்று இருந்தது. கடைசி வரியைப் பெரியவர் படிக்கவே இல்லை. நான் படித்துக் காட்டினேன். கோபம் பாதி இறங்கியது. மீதி பாதி இறங்காததற்கு நியாயமான காரணம் இருந்தது.

பரிசோதனை அவருடைய பேரனுக்கு. மூன்று வயது. நடக்கத் தொடங்கிய பிள்ளை மெல்ல மெல்ல நடையை இழந்து வந்தான். பேசிய நான்கைந்து வார்த்தைகளும் குறைந்துவிட்டன. பெற்றோர் இருவரும் மாமன் மகள், அத்தை மகன். பரம்பரைக் குறைபாடாக இருக்கலாம், மரபணுவைப் படித்துப் பார்த்துவிடுவோம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இதற்கிடையே பிள்ளையின் தாய் மீண்டும் கர்ப்பம். ரத்தம் கொடுத்தபோது எட்டாவது வாரம், குறுஞ்செய்தி வந்தபோது பதினோராவது வாரம்.

சொந்தத்தில் கல்யாணம் என்றால் ஏதோ நம் சமுதாயத்தின் பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். 2019-21ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நடக்கும் திருமணங்களில் நான்கில் ஒன்றுக்கும் மேல் சொந்தத்துக்குள்தான். எல்லா மதத்தாரும் அதில் அடக்கம். மார்க்கம் அதை அனுமதித்திருக்கிறது, கட்டாயமாக்கவில்லை. கணவன், மனைவி இருவரும் ஒரே பழுதுபட்ட மரபணுவின் ஒரு பிரதியைச் சுமந்தால், அவர்களுக்கு நோய் இருக்காது. ஆனால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு, பிள்ளைக்கு இரண்டு பிரதியும் பழுதாகவே வந்து சேரும் வாய்ப்பு உண்டு. சவூதி அரேபியாவில் 2004 முதல் திருமணத்துக்கு முன் தலசீமியா, சிக்கில் செல் பரிசோதனை கட்டாயம் என்பதை அங்கே வேலை பார்த்த நம்மவர்கள் அறிவார்கள்.

அடுத்த பிள்ளையைப் பற்றி எதுவும் தெரிய வேண்டுமானால், முதல் பிள்ளையிடம் உள்ள பழுது எந்த எழுத்தில் என்று முதலில் தெரிந்தாக வேண்டும். அதன் பிறகுதான் கருவின் நீரை எடுத்து அந்த ஓர் எழுத்தை மட்டும் பார்க்க முடியும். கருவின் நீரை எடுப்பது வழக்கமாக 15, 16 வாரங்களில் தொடங்குகிறது. அந்த முடிவு வர ஏறக்குறைய இரண்டு வாரம். மக்காவில் ராபிதாவின் ஃபிக்ஹ் கவுன்சில் 1990ல் எடுத்த முடிவை ஆலிம்கள் இந்த விஷயத்தில் பார்ப்பார்கள். சிகிச்சையில்லாத கடும் குறைபாடு இருப்பதாக நிபுணத்துவ மருத்துவர் குழு உறுதி செய்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு, 120 நாள் என்ற எல்லையை வைத்துத்தான் அந்த முடிவு பேசுகிறது. 120 நாள் என்பது கரு உண்டானதிலிருந்து எண்ணுவது. மருத்துவர்கள் கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணுவதால் அவர்கள் கணக்கில் அது ஏறக்குறைய 19 வாரம். ஃபத்வா சொல்வதற்கான இடம் இதுவல்ல. அந்தந்தக் குடும்பம் தன் ஆலிமிடமும் மருத்துவரிடமும் நேரில் உட்கார்ந்து பேச வேண்டியது அது. நான் சொல்ல வருவது, அந்தக் குடும்பத்துக்கு மூன்று வாரம் எவ்வளவு பெரிது என்பதை மட்டும்தான்.

“ஏன் தேறல? அதையாவது சொல்லட்டும்” என்றார் பெரியவர்.

நான் பி.ஏ. வரலாறு. விஞ்ஞானம் எனக்குப் பத்தாம் வகுப்போடு முடிந்தது. ஆனால் எங்கள் மக்தபில் குர்ஆன் ஓதி முடித்த பெண்பிள்ளை ஒருவர் பயோடெக்னாலஜி எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு வேறொரு ஆய்வகத்தில் இதே வேலையைச் செய்துவருகிறார். அவருடைய தந்தையின் அனுமதியோடு மறுநாள் அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து கேட்டேன். பெரியவரும் வந்திருந்தார். இரண்டு மணி நேரம் ஆனது. கேட்டதையும், பிறகு நானே தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

புத்தகம் இல்லாத லைப்ரரி

‘லைப்ரரி’ என்ற சொல்லிலேயே எனக்குத் தடுக்கியது. மனிதனின் மரபணுத் தொகுப்பு ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள் கொண்டது. எழுத்துகள் நான்கே நான்கு: ஏ, டி, ஜி, சி. பரவலாகப் பயன்படும் இயந்திரங்களால் இதை முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் படிக்க முடியாது. ஆகவே டிஎன்ஏவைச் சிறு துண்டுகளாக உடைக்கிறார்கள். ஒவ்வொன்றும் சுமார் 300 எழுத்து நீளம். இந்தத் துண்டுகளை இயந்திரம் படிக்கக்கூடிய வடிவில் தயார் செய்த தொகுப்புக்குத்தான் லைப்ரரி என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத ஒரு குழாயின் அடியில் கிடக்கும் சில துளி நீர், அவ்வளவுதான்.

அந்த ‘வடிவு’ என்ன? துண்டின் இரண்டு முனையிலும் ஒட்டப்படும் சிறிய, செயற்கையான டிஎன்ஏ வால். அதற்கு அடாப்டர் என்று பெயர். செல்போன் சார்ஜருக்குச் சொல்லும் அதே சொல். இந்த வால் இல்லாத துண்டு இயந்திரத்தின் கண்ணாடித் தட்டில் ஒட்டாது. ஒட்டாததைப் படிக்கவும் முடியாது.

அடுத்தது இண்டெக்ஸ். ஒரே ஓட்டத்தில் ஒருவருடைய ரத்தத்தை மட்டும் படித்தால் செலவு தாங்காது. எனவே பலருடைய லைப்ரரிகளை ஒரே குழாயில் கலந்துவிடுகிறார்கள். இதைச் சொன்னதும் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “கலந்துடுவாங்களா?” ஆமாம், கலந்துவிடுவார்கள். கலப்பதற்கு முன் ஒவ்வொரு மாதிரியின் ஒவ்வொரு துண்டிலும் எட்டு அல்லது பத்து எழுத்தில் ஓர் அடையாளத்தைச் சேர்த்துவிடுகிறார்கள். எட்டு எழுத்தில் 65,536 விதமாக எழுத முடியும். அவற்றில் ஒன்றோடொன்று குழம்பாதவற்றைத் தேர்ந்து 96, 384 என்று தொகுப்பாக விற்கிறார்கள். சில கிட்டுகளில் இந்த அடையாளம் அடாப்டரிலேயே இருக்கும், சிலவற்றில் அடாப்டர் ஒட்டிய பிறகு பி.சி.ஆர். வழியாகச் சேர்ப்பார்கள். இயந்திரம் படித்து முடித்ததும் கம்ப்யூட்டர் அந்த அடையாளத்தைப் பார்த்து அவரவர் துண்டை அவரவர் கணக்கில் பிரித்துப் போடும்.

மஹல்லாவில் கூட்டுக் குர்பானி கொடுக்கும்போது பங்குதாரர்களின் பைகளுக்கு டோக்கன் கட்டுகிறோம் அல்லவா, அது மாதிரி. ஒரே வித்தியாசம், இங்கே டோக்கன் பையில் இல்லை. ஒவ்வொரு துண்டிலும் ஒட்டியிருக்கிறது. பிறகு எல்லாப் பையையும் ஒரே அண்டாவில் கொட்டினாலும் பிரித்துவிடலாம்.

எடை அல்ல, எண்ணிக்கை

இங்கிருந்துதான் அந்தக் குறுஞ்செய்தியின் கதை தொடங்குகிறது. டோக்கன் எத்தனை வேண்டும்?

அந்தப் பெண் எங்களுக்கு முன் இருந்த தட்டைக் காட்டிச் சொன்னார். “ஹஜ்ரத், ஒரு கிலோ பேரீச்சம்பழத்துக்கு ஸ்டிக்கர் ஒட்டணும்னா எத்தனை ஸ்டிக்கர் வேணும்? பழம் பெரிசா சின்னதான்னு தெரியாம சொல்ல முடியாது.” அஜ்வா என்றால் ஒரு கிலோவுக்கு நிறைய, மெஜூல் என்றால் கொஞ்சம். டிஎன்ஏவும் அப்படித்தான். ஆய்வகத்தில் அதை நானோகிராம் என்று எடையில் அளக்கிறார்கள். ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு ஒரு நானோகிராம். ஆனால் அடாப்டர் ஒட்டுவது துண்டுகளின் முனையில். எனவே தேவைப்படுவது துண்டுகளின் எண்ணிக்கை.

கணக்கைப் போட்டுப் பார்த்தோம். 300 எழுத்து நீளமுள்ள துண்டுகள் 100 நானோகிராம் இருந்தால், அதில் சுமார் 30,000 கோடி துண்டுகள் இருக்கும். வேதியியலார் இதை அரை பிக்கோமோல் என்பார்கள். அதே 100 நானோகிராமைப் பாதி நீளத்துக்கு உடைத்திருந்தால் எண்ணிக்கை இரட்டிப்பாகி 60,000 கோடி ஆகிவிடும். எடை மாறவில்லை, ஒட்ட வேண்டிய முனைகள் இரண்டு மடங்கு.

நியூ இங்கிலாந்து பயோலேப்ஸ் நிறுவனத்தின் நெப்நெக்ஸ்ட் அல்ட்ரா டூ என்ற கிட்டை எடுத்துக்கொள்வோம். அடாப்டர் 15 மைக்ரோமோலார் அடர்த்தியில் வருகிறது. டிஎன்ஏ 100 நானோகிராமுக்கு மேல் இருந்தால் அதை அப்படியே பயன்படுத்தலாம். 5 முதல் 100 நானோகிராம் வரை என்றால் 10 மடங்கு நீர்க்கச் செய்ய வேண்டும். 5 நானோகிராமுக்கும் குறைவு என்றால் 25 மடங்கு. இப்படி நீர்க்கச் செய்த அடாப்டரில் 2.5 மைக்ரோலிட்டர், அதாவது ஒரு துளியில் சிறு பங்கு, குழாயில் சேர்க்கிறார்கள்.

100 நானோகிராமுக்கு 10 மடங்கு நீர்த்த அடாப்டர் சேர்த்தால், ஒரு துண்டுக்கு ஏழரை அடாப்டர் வீதம் கிடைக்கிறது. தேவையோ இரண்டு முனைக்கு இரண்டு. 5 நானோகிராமுக்கு அதே அளவு சேர்த்தால் ஒரு துண்டுக்கு 150. ஒரே ஒரு நானோகிராம்தான் இருக்கிறது, 25 மடங்கு நீர்க்கச் செய்கிறோம் என்றால் துண்டுக்கு 300. டிஎன்ஏ குறையக் குறைய விகிதம் ஏறுவதைக் கவனியுங்கள். நான் இதைத் தவறு என்றே நினைத்தேன். தவறில்லை. பெரிய மண்டபத்தில் ஐந்தாறு விருந்தாளி மட்டும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தால், எல்லார் இலைக்கும் சோறு போய்ச் சேரப் பரிமாறுகிறவர்கள் அதிகம் வேண்டும். அதுபோல, கூட்டம் குறைந்த குழாயில் துண்டும் அடாப்டரும் சந்திப்பதே அரிது. அதற்காகத்தான் இந்தக் கூடுதல்.

ஆனால் அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. அந்த ஒரு நானோகிராமுக்கு யாராவது அவசரத்தில் நீர்க்கச் செய்யாத அடாப்டரை ஊற்றிவிட்டால் விகிதம் ஒன்றுக்கு 7,500 ஆகிவிடும்.

அடாப்டர் மிஞ்சினால்

ஒட்டுவதற்குத் துண்டு கிடைக்காத அடாப்டர்கள் சும்மா இருப்பதில்லை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இதைத் தடுக்க ஏற்பாடு உண்டு. டிஎன்ஏ துண்டின் முனையில் ஓர் ‘ஏ’ எழுத்தும், அடாப்டரின் முனையில் ஒரு ‘டி’ எழுத்தும் நீட்டிக்கொண்டிருக்கும்படி செய்திருக்கிறார்கள். ஏவும் டியும் ஜோடி, டியும் டியும் சேராது. ஆனாலும் கோடிக்கணக்கில் நெருக்கியடித்தால் சில சேரத்தான் செய்கின்றன. இப்படி இரண்டு அடாப்டர் மட்டும் ஒட்டி, நடுவில் மனிதனின் டிஎன்ஏ ஒன்றும் இல்லாத வெற்றுத் துண்டுக்கு அடாப்டர் டைமர் என்று பெயர்.

கடிதம் இல்லாத உறை என்று வைத்துக்கொள்ளுங்கள். விலாசம் சரியாக இருக்கும், தபால்காரர் கொண்டுபோய்ச் சேர்ப்பார், பிரித்தால் ஒன்றும் இருக்காது. அதுமட்டுமல்ல, இது நீளத்தில் குட்டையானது. ஏறக்குறைய 120 முதல் 170 எழுத்து. குட்டையானது பி.சி.ஆரில் சீக்கிரம் பெருகும், கண்ணாடித் தட்டிலும் முந்திக்கொண்டு இடம் பிடிக்கும். இந்த இயந்திரங்களைச் செய்யும் இல்லுமினா நிறுவனம் டைமர் 5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. தட்டில் நுண்ணிய குழிகள் வரிசையாகப் பதித்த புதிய வகை இயந்திரங்களுக்கு அதுவும் அதிகம், அரை சதவீதம்தான் எல்லை.

டைமரைக் கழுவி எடுக்க வழி உண்டு. நுண்ணிய காந்த மணிகளைச் சேர்த்தால் நீளமான டிஎன்ஏ அதில் ஒட்டும், குட்டையானது நீரோடு போய்விடும். சோற்றை வடித்துக் கஞ்சியை ஊற்றுவது மாதிரி. ஆனால் ஒவ்வொரு முறை வடிக்கும்போதும் சில பருக்கையும் போகுமல்லவா? 500 நானோகிராம் வைத்திருப்பவர் இரண்டு முறை வடிக்கலாம். ஒன்றிரண்டு நானோகிராம் வைத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஒட்டாமல் மிதக்கும் அடாப்டர், டோக்கன் எழுதும் இடத்தில் சிதறிக் கிடக்கும் டோக்கன் மாதிரி. மாதிரிகளை ஒன்றாகக் கலந்த பிறகு அது வேறொருவருடைய துண்டில் போய் அமர்ந்துகொள்ளும். இதற்கு இண்டெக்ஸ் தாவல் என்று சொல்கிறார்கள். 2017ல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஹைசெக் 4000 என்ற இயந்திரத்தில் 5 முதல் 10 சதவீதம் வரை இப்படித் தாவியதைக் கண்டு வெளியிட்டபோது உலகெங்கும் ஆய்வகங்கள் பதறின. அதே ஆண்டு இல்லுமினா, பொதுவாக இது 2 சதவீதத்துக்குள்தான் இருக்கும், ஒட்டாத அடாப்டரை நன்றாகக் கழுவினால் குறையும் என்று விளக்கம் கொடுத்தது. இப்போது துண்டின் இரண்டு முனையிலும் இரண்டு தனித்தனி அடையாளம் வைக்கிறார்கள். இரண்டும் பொருந்தினால்தான் கணக்கில் சேரும். பொருந்தாததைக் கம்ப்யூட்டர் தூக்கிப் போட்டுவிடும்.

பெரியவரின் பயம் இதில்தான் இருந்தது. “அடுத்தவன் வீட்டுப் பிள்ளையோட நோயை எங்க பேரன் தலையில எழுதிட்டா?” அந்தப் பெண் பொறுமையாகப் பதில் சொன்னார். பரம்பரை நோய்க்கான பரிசோதனையில் ஒரே இடத்தைப் பல பத்து முறை, நூறு முறை படிக்கிறார்கள். ஒரு பிரதி பழுது என்றால் ஏறக்குறைய பாதித் துண்டுகளில் தெரியும். இரண்டும் பழுது என்றால் எல்லாவற்றிலும் தெரியும். நூறில் ஒன்றிரண்டு தாவி வந்தால் அது நோயாகத் தெரியாது, தூசியாகத்தான் தெரியும். நூறில் ஒன்றையும் தேடிப் பிடிக்க வேண்டிய பரிசோதனைகளில்தான் தாவல் பெரிய ஆபத்து. ரத்தத்தில் மிதக்கும் புற்றுநோய் டிஎன்ஏவைத் தேடுவது அப்படிப்பட்டது. நம் பேரன் விஷயத்தில் ஆபத்து வேறு பக்கம் இருந்தது.

பத்துப் பேர் சொன்னாலும் ஒரே சாட்சி

அடாப்டர் குறைந்துபோனால், அல்லது டிஎன்ஏவே குறைந்துபோனால், லைப்ரரியில் சேரும் துண்டுகள் சொற்பமாக இருக்கும். ஆய்வகம் அதைப் பி.சி.ஆரில் பெருக்கி எடை காட்டிவிடலாம். குழாயில் அளவு சரியாக இருக்கும், இயந்திரமும் ஓடும், படித்த எண்ணிக்கையும் கோடிகளில் வரும். ஆனால் அத்தனையும் ஒரு சில துண்டுகளின் நகல்.

இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் முழுதாக விளங்கியது. மத்ரஸாவில் உஸூலுல் ஹதீஸ் ஓதியவர்களுக்குத் தெரியும். ஒரு செய்தியைப் பத்துக் கிதாபுகளில் பார்க்கிறோம். பத்து வழியாக வந்ததென்று மகிழ்ந்துபோய் ஸனதை மேலே தேடிக்கொண்டு போனால், பத்தும் ஒரே அறிவிப்பாளரிடம் போய் நிற்கும். அப்போது அது பத்து சாட்சி அல்ல, ஒரு சாட்சி. அவர் ஓர் இடத்தில் மறந்திருந்தால் பத்திலும் அந்த மறதிதான் இருக்கும். நான் இதைச் சொன்னதும் அந்தப் பெண் சிரித்துவிட்டு, “நாங்க இதுக்கு டூப்ளிகேட்னு பேர் வச்சிருக்கோம் ஹஜ்ரத். கம்ப்யூட்டர் எல்லாத்தையும் ஒண்ணாக்கிடும். அப்புறம் பார்த்தா பல இடத்துல படிச்சதே இருக்காது” என்றார்.

பிள்ளையின் பழுது அப்படிப் படிக்கப்படாத ஓர் இடத்தில் இருந்தால்? ரிப்போர்ட்டில் ‘நோய்க்குக் காரணமான மாற்றம் எதுவும் கண்டறியப்படவில்லை’ என்று வரும். தேடி இல்லாமல் போனதும், தேடவே முடியாமல் போனதும் ஒரே வாக்கியத்தில் ஒளிந்துகொள்ளும். குடும்பம் அதை ‘ஒன்றுமில்லை’ என்று படிக்கும், அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு அடுத்த கர்ப்பத்தைப் பரிசோதிக்காமல் விட்டுவிடும். டைமர் நிரம்பிய லைப்ரரியிலும் இதே கதைதான். வெற்று உறைகள் இடத்தைப் பிடித்துக்கொள்ள, படிக்க வேண்டியது படிக்கப்படாமல் போகும்.

ஆக, அந்த ஆய்வகம் தரச் சோதனையில் நிறுத்திவிட்டு, இலவசமாகப் புது மாதிரி கேட்டது மூன்று வாரத்தை எடுத்துக்கொண்டது உண்மை. நிறுத்தாமல் ஓட்டியிருந்தால் ரிப்போர்ட் நேரத்துக்கு வந்திருக்கும், நம்பத் தகாததாக. என் அபிப்பிராயத்தில் அவர்கள் செய்த தவறு ஒன்றே: தேறவில்லை என்பது தெரிந்த அன்றே போன் செய்து விளக்கியிருக்க வேண்டும். புரியாத மூன்று ஆங்கிலச் சொல்லைக் குறுஞ்செய்தியில் அனுப்பிவிட்டு ஒதுங்கியது சரியில்லை.

தேனாம்பேட்டையில் நடப்பதும் இதே வேலை

இதெல்லாம் எங்கோ வெளிநாட்டில் நடப்பது என்று நினைக்க வேண்டாம். அயப்பாக்கம் வழியாகப் போகிறவர்கள் ஐசிஎம்ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தைப் பார்த்திருப்பார்கள். ஆவடியில் இருந்த தொழுநோய்க் களப்பிரிவையும், சென்னையில் இருந்த மருத்துவப் புள்ளியியல் ஆய்வு நிறுவனத்தையும் இணைத்து 1999ல் உருவானது அது. நோய் யாரிடம், எங்கே, எவ்வளவு என்று கணக்கெடுப்பது அவர்கள் வேலை. நோய்க்கிருமியின் மரபணு எழுத்தைப் படிக்க மாநில அரசுக்கென்று ஒரு கூடம் 2021 செப்டம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில், மாநிலப் பொது சுகாதார ஆய்வகத்தில் திறக்கப்பட்டது. சுமார் 4 கோடி ரூபாய் செலவு. ஒரு மாநில அரசே நடத்தும் இத்தகைய கூடம் இந்தியாவில் அதுதான் முதல் என்று அப்போது செய்திகளில் படித்திருப்பீர்கள். அதற்கு முன் கொரோனா மாதிரிகள் பெங்களூருக்குப் போய் முடிவு வரக் காத்திருக்க வேண்டியிருந்தது. டெல்டாவா வேறா என்று தெரிய நாம் நாள் எண்ணிக்கொண்டிருந்த காலம் நினைவிருக்கும்.

அங்கேயும் பிரச்சினை இதுதான். ஒருவர் மூக்கில் எடுத்த மாதிரியில் கிருமி கோடிக்கணக்கில், இன்னொருவர் மாதிரியில் சொற்பம். இரண்டுக்கும் அடையாளம் ஒட்டி ஒரே ஓட்டத்தில் படிக்க வேண்டும். அளவைச் சமன் செய்யாவிட்டால் முதலாமவர் இடத்தையெல்லாம் பிடித்துக்கொள்வார், இரண்டாமவருக்கு ஒன்றும் மிஞ்சாது. கிருமி மிகக் குறைந்த மாதிரிகளைப் பொதுவாக மரபணுப் பகுப்பாய்வுக்கு எடுக்காததற்கும் இதுவே காரணம்.

சென்னைக்கென்று சில தனித் தொல்லைகளும் இருக்கின்றன. அடாப்டர் ஒட்டும் வேலை 20 டிகிரியில் 15 நிமிடம் நடக்க வேண்டும். மே மாதத்துச் சென்னையில் மேசை மேல் 20 டிகிரி ஏது? அதற்கென்று உள்ள கருவியில்தான் வைக்க வேண்டும். நீர்க்கச் செய்த அடாப்டரை அன்றன்றைக்குத் தயாரித்து, ஐஸில் வைத்திருக்க வேண்டும். வெறும் தண்ணீரில் கலக்கக் கூடாது, கொஞ்சம் உப்புள்ள கரைசல் வேண்டும், இல்லையேல் அடாப்டரின் இரண்டு இழையும் பிரிந்துவிடும். பிரிந்தது ஒட்டாது. மின்சாரம் போய் ஃப்ரீசர் உருகி மீண்டும் உறைந்தாலும் இதே கேடு. டிஎன்ஏவை அளக்கும் கருவியிலும் சூது இருக்கிறது. ஒளியை உறிஞ்சும் அளவை மட்டும் பார்க்கும் நானோடிராப் போன்ற கருவி ஆர்என்ஏவையும் சேர்த்து எடை காட்டிவிடும். 100 என்று நம்பி அடாப்டர் ஊற்றினால் உள்ளே 20தான் இருக்கும். இரட்டை இழை டிஎன்ஏவில் மட்டும் ஒட்டி ஒளிரும் சாயத்தை வைத்து அளக்கும் க்யூபிட் இதற்கு நம்பகமானது என்று அந்தப் பெண் சொன்னார்.

ரத்தம் கொடுக்கும் இடத்தில்

முதல் மாதிரியில் டிஎன்ஏ ஏன் குறைந்தது? பெரியவரின் மருமகளிடம் கேட்டபோது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. பிள்ளை திமிறியதால் ஒரு மில்லிக்கும் குறைவாகத்தான் ரத்தம் கிடைத்திருக்கிறது. குழாயை யாரும் மெல்லத் தலைகீழாகப் புரட்டிக் கலக்கவில்லை. எடுத்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம், கூரியர் போனது திங்கட்கிழமை. ரத்தம் உறைந்திருக்கலாம். சிவப்பணுக்களில் டிஎன்ஏ கிடையாது, வெள்ளையணுக்களில்தான் இருக்கிறது. உறைந்த கட்டிக்குள் அவை சிக்கிக்கொண்டால் எடுப்பது கடினம்.

இரண்டாவது முறை பிள்ளைக்கு முதல் நாள் இரவிலிருந்தே நிறையத் தண்ணீர் கொடுத்தார்கள். நரம்பு எளிதில் கிடைத்தது. ஊதா மூடிக் குழாயில் மூன்று மில்லி. அதுதான் ஈடிடிஏ கலந்த குழாய். பச்சை மூடியில் இருக்கும் ஹெபரின் பி.சி.ஆரைக் கெடுக்கும் என்பதால் இந்தப் பரிசோதனைக்கு வேண்டாம் என்பார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் எடுத்து அன்றே அனுப்பினார்கள். கூடவே தாய், தந்தை ரத்தமும் போனது, பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க நேரம் மிச்சமாகும் என்று மருத்துவர் சொன்னதால். கர்ப்பம் எத்தனை வாரம் என்பதைப் படிவத்தில் பெரிதாக எழுதச் சொன்னோம். கர்ப்பம் உள்ள வீட்டு மாதிரியை முன்னால் எடுக்கும் வழக்கம் பல ஆய்வகங்களில் உண்டு, ஆனால் எழுதினால்தான் அவர்களுக்குத் தெரியும். பிள்ளைக்குச் சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் அதையும் எழுத வேண்டும். கொடுத்தவருடைய வெள்ளையணுக்கள் சில காலம் உள்ளே இருக்கும்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் முதல் பக்கத்தோடு நிறுத்த வேண்டாம். கடைசிப் பக்கங்களில் சராசரியாக ஓரிடத்தை எத்தனை முறை படித்தார்கள், தேட வேண்டிய பகுதியில் எத்தனை சதவீதம் குறைந்தது 20 முறையாவது படிக்கப்பட்டது என்று போட்டிருப்பார்கள். ‘எதுவும் கண்டறியப்படவில்லை’ என்று வந்தால் இந்த இரண்டு எண்ணையும் மருத்துவரிடம் காட்டி, மகனுக்குச் சந்தேகப்பட்ட மரபணு முழுதாகப் படிக்கப்பட்டதா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

அந்தக் குடும்பத்தின் இரண்டாவது ரிப்போர்ட் பதினைந்தாவது வாரம் முடியும் முன் வந்தது. பேரனின் நோய்க்குப் பெயர் கிடைத்தது, பழுது எந்த எழுத்தில் என்பதும் தெரிந்தது. பெற்றோர் இருவரிடமும் அதன் ஒரு பிரதி இருந்தது. மறுவாரம் கருவின் நீரை எடுத்தார்கள். அதன் முடிவு அந்தக் குடும்பத்துக்குரியது, இங்கே எழுத எனக்கு அனுமதி இல்லை. இதுவரை எழுதியதற்குப் பெரியவர் அனுமதி கொடுத்தார், ஊதா மூடி விஷயத்தை மறக்காமல் போடச் சொல்லி.